சனிக்கிழமைகளில் மட்டும் சூடாகும் கார்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நானாக யோசித்தது இல்லை. என் வலது தோள்பட்டை இறுகிப்போய், சட்டையைக் கழற்றவே மனைவியைக் கூப்பிட வேண்டிய நிலைமைக்கு வந்திருந்தேன். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வாரம் இரண்டு நாள் வந்து கையை முறுக்கிச் சரிசெய்தவள் சங்கரி. பிசியோதெரபிஸ்ட். ஊர் விக்கிரமசிங்கபுரம். நான் கத்தக் கூடாது என்பதற்காகக் கையை முறுக்கும்போதெல்லாம் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள். அப்படித்தான் தன் காரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். மூன்றாவது வாரம் நான் கையை மறந்துவிட்டுக் காரைப் பற்றி விசாரிக்கிறவனாக ஆகியிருந்தேன்.

"இத எழுதட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"எழுதுங்க ஸார். பேர மட்டும் மாத்திருங்க," என்றாள்.

மாற்றியிருக்கிறேன். இடது கை ஒற்றை விரலால் தட்டுகிறேன். ஆகையால் வாக்கியம் நீளமாக வந்தால் அது என் பிடிவாதம், பாதியில் நின்றால் அது வலி.

2

தொடக்கம் ஒன்று: "வீரவநல்லூர் தாண்டியதும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பானெட்டின் இடுக்கிலிருந்து—"

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கார் ஓட்டாத வாசகர், எந்த முள், எந்தச் சிவப்பு என்று கேட்பார். அவருக்குப் பதில் சொல்லிவிட்டு வருவதற்குள் ஆவி அடங்கிவிடும்.

தொடக்கம் இரண்டு: "பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் இறங்கி வரும் தாமிரபரணி—"

[அடித்துவிட்டேன். இந்தக் கதையில் ஆறு குழாய் வழியாகத்தான் வருகிறது.]

தொடக்கம் மூன்று: "எழுபத்து நான்கு வயதான அம்மையப்பன் தன் வாழ்நாளில் ஒரு நாள்கூட—"

இவர் சங்கரியின் அப்பா. கதைக்கு முக்கியமானவர். ஆனால் முதல் வரியிலேயே அவரைக் கொண்டுவந்து நிறுத்தினால் நீங்கள் அவரைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவீர்கள். உள்ளே உட்கார்ந்து பேப்பர் படிக்கட்டும். நாம் காரைப் பார்ப்போம்.

3

வெள்ளை மாருதி 800. வயது இருபதுக்கு மேல். சங்கரிக்கு முப்பத்தெட்டு. (கல்யாணம்? அது வேறு கதை, அதை அவள் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.) பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு முறிந்தவர்கள், குப்புற விழுந்து எழுந்தவர்கள் என்று ஆற்றங்கரை ஊர்களில் அவளுக்குப் பத்துப் பன்னிரண்டு வீடுகள் உண்டு. ஞாயிறன்றுதான் எல்லா வீட்டிலும் ஆள் இருக்கும் என்பதால் அன்றும் வேலை. அவளுக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. அன்று கார் வெளியே போகாது. மற்ற நாட்களில் ஐந்து கிலோமீட்டர், எட்டுக் கிலோமீட்டர் ஓட்டம். சனிக்கிழமை மட்டும் பத்தமடை வரைக்கும் நீளும்.

பத்தமடையில் ஜன்னத்துல் பிர்தௌஸ் இருந்தாள். முப்பத்திரண்டு வயது. ஸ்கூட்டர் விபத்தில் முதுகெலும்பில் அடிபட்டு, ஆபரேஷன் முடிந்து, மறுபடி நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். அண்ணன்காரன் கூடத்துச் சுவர் நெடுக இரும்புக் குழாய் அடித்துக் கொடுத்திருந்தான். சங்கரி வருவது பத்து மணிக்கு. பிர்தௌஸ் ஒன்பதரைக்கே ஷூவைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பாள்.

அந்தச் சனிக்கிழமைகளில்தான் கார் காலை வாரியது. வெப்பம் காட்டும் முள், வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒழுங்காக இருக்கும். கல்லிடைக்குறிச்சியில் பாதிக்கு வரும். வீரவநல்லூரில் உச்சிக்குப் போய்விடும். ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திறந்தால் உள்ளே தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருக்கும். குடிக்க வைத்திருந்த இரண்டு பாட்டிலையும் ஊற்றுவாள். பிறகு கார் சொன்ன பேச்சைக் கேட்கும். அடுத்த வெள்ளி வரைக்கும் முள் அசையாது.

4

மெக்கானிக் ஹெப்ரான். அம்பாசமுத்திரம் ரோட்டில் தகரக் கொட்டகை. ஐம்பது வயது. இன்ஜினைத் தொடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அதைத் திட்டுவார், அதற்கப்புறம்தான் கையை வைப்பார்.

"சவத்து வண்டி," என்றார் முதல் வாரம். "ஒழுக்கு எங்கன்னு காட்ட மாட்டேங்கு. கீழ ஒரு சொட்டு இல்ல. மூடிதான் லூசா இருக்கும், மாத்துதேன்."

மாற்றினார். சூடானது. ரப்பர் ஓஸ் இரண்டையும் மாற்றினார். சூடானது. ரேடியேட்டருக்குக் காற்றடிக்கும் பேன் தானாகச் சுற்றவில்லையோ என்று நேராக ஒரு சுவிட்ச் வைத்து, "இத எப்பமும் போட்டே வைங்க டாக்டரம்மா," என்றார். போட்டே வைத்தாள். வீரவநல்லூரில் பேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது, கார் பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது.*

* எங்கள் பக்கத்தில் கார் சூடானால் பல மெக்கானிக்குகள் முதலில் செய்யும் காரியம், இன்ஜினுக்குள், சூடு ஏறியதும் திறந்து தண்ணீரைச் சுற்றவிடும் தெர்மோஸ்டாட் வால்வைப் பிடுங்கித் தூர எறிவது. நம்ம வெயிலுக்கு இது எதுக்கு என்பது அவர்கள் வாதம். ஹெப்ரான் அப்படிச் செய்யவில்லை. வால்வைக் கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் போட்டு, திறக்கிறதா என்று பார்த்து, மறுபடி மாட்டினார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அடுத்த பகுதியில் நான் அவருக்கு ஒரு துரோகம் செய்யப் போகிறேன்.

ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்ததும் ரேடியேட்டரிலும், பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவிலும் கூலன்ட் ஊற்றுவார். பச்சை நிறத் திரவம். துருப்பிடிக்காது, சீக்கிரம் கொதிக்காது. இன்ஜினை ஓடவிட்டு, மூடியைத் திறந்தே வைத்து, உள்ளே மாட்டிய காற்றெல்லாம் குமிழி குமிழியாக வெளியேறும் வரை காத்திருந்து மூடுவார். அந்தக் காற்று உள்ளே தங்கிவிட்டால் தண்ணீர் சுற்றாது, வண்டி கொதிக்கும் என்று சங்கரிக்கும் சொல்லியிருந்தார்.

எதிர்வீட்டு வடிவம்மாள் வேறு காரணம் வைத்திருந்தாள். "சனிக்கிழம சனிக்கிழம நிக்குன்னா அது யாரு வேலைன்னு தெரியலையாக்கும்? எள்ளு வெளக்குப் போடு." சங்கரி விளக்கும் போட்டாள். அந்த வாரமும் முள் ஏறியது.

5

இந்த இடத்தில் நான் ஹெப்ரானைச் சந்தேகப்பட்டேன். வாராவாரம் ஒரு சாமானைக் கழற்றி மாற்றுகிறான், வாராவாரம் வண்டி திரும்பி வருகிறது. கதைக்கும் ஒரு வில்லன் கிடைத்த மாதிரி ஆயிற்று என்று, "ஆள் உன்னை ஏமாத்துதானோ என்னமோ," என்றேன்.

சங்கரி என் கையைப் பாதி உயரத்திலேயே விட்டுவிட்டாள். கண்ணில் பூச்சி பறந்தது.

"அவரு அழுதாரு ஸார்," என்றாள்.

நடந்தது இதுதான். ஒரு சனிக்கிழமை, ஆறவிடாமல் அப்படியே கட்டி இழுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டினாள். மூடியைத் திறந்தால் ரேடியேட்டர் வாயில் குமிழி வந்துகொண்டே இருந்தது. இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் கிழிந்தால் இப்படித்தான் குமிழி வரும். ஹெப்ரான் நான்கு நாள் உட்கார்ந்து இன்ஜினைப் பிரித்தார். கேஸ்கெட்டில் ஒரு கீறல் இல்லை. புதிதைப் போட்டு மூடினார். அதற்கடுத்த சனிக்கிழமையும் கார் வீரவநல்லூரில் நின்றது.

அன்று இன்ஜின் ஆற இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்து, சங்கரி பத்தமடை போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. பிர்தௌஸ் காத்திருந்து, காத்திருந்து, யாரையும் கூப்பிடாமல் தானாகக் குழாயைப் பிடித்து எழுந்து நின்று பார்த்திருக்கிறாள். இரண்டு அடி வைத்திருக்கிறாள். நெற்றியில் நான்கு தையல். ஆனாலும் சங்கரியைப் பார்த்ததும், "ரெண்டு எட்டு வச்சிட்டேன்க்கா," என்று சிரித்தாள். சங்கரியால் சிரிக்க முடியவில்லை. திரும்பும் வழியில் ஹெப்ரானிடம் இதைச் சொன்னாள். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைச் சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

"இருபத்தஞ்சு வருசமா இதான் சோலி. ஒரு 800 என்னயக் கோட்டிக்காரனாக்கிட்டு," என்றார்.

ஆகவே வில்லன் பதவி காலியாகவே இருக்கிறது. மன்னிக்கவும், ஹெப்ரான் அண்ணாச்சி.

6

அழுதுமுடித்தபின் ஹெப்ரான் கேட்ட கேள்விதான் கதையைத் திருப்பியது.

"நான் ஊத்துன பச்சை எங்க போச்சு?"

"கொதிச்சதும் நான் தண்ணி ஊத்துதேம்லா அண்ணாச்சி."

"ரெண்டு பாட்டிலு ஊத்துனா பச்சை வெளுக்கும். ஆனா இது குடிக்கலாம் போல கெடக்கே." டப்பாவைக் கழற்றி வெயிலில் பிடித்துக் காட்டினார். "டாக்டரம்மா, இந்த வாரம் வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். வெறும் கூலன்ட ஊத்தித் தாரேன். தெனமும் சாயங்காலம் டப்பாவப் பாருங்க. அதுமட்டும் போதும்."

திங்கள் பச்சை. செவ்வாய் பச்சை. புதன், வியாழன் பச்சை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பானெட்டைத் தூக்கினாள். டப்பா நிறைந்திருந்தது, சரியாகக் கோடு வரைக்கும். உள்ளே இருந்தது சுத்தமான தண்ணீர். டப்பாவின் அடியில் அத்தனை நாள் ஒட்டியிருந்த அழுக்குகூட இல்லை, தேய்த்துக் கழுவியிருந்தது.

எல்லாரும் சனிக்கிழமையையே முறைத்துக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமையை யாரும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் என்ன நடக்கும்? நம் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் நடப்பதுதான். வாசல் கழுவுவார்கள், விளக்குத் தேய்ப்பார்கள், வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். சங்கரி அன்று எட்டு மணி வரை தூங்குவாள். வண்டி கழுவுவது அப்பா.

(சரி. அம்மையப்பன் இப்போது பேப்பரை மடித்து வைத்துவிட்டு வரலாம்.)

7

[இங்கே ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். கொல்லையில் தேங்கிய பச்சைத் தண்ணீரை ஒரு நாய் நக்கி, வாழைமூட்டில் செத்துக் கிடப்பதாகவும், அதை வைத்துச் சங்கரி உண்மையைக் கண்டுபிடிப்பதாகவும் எழுதியிருந்தேன். படிக்க விறுவிறுப்பாக இருந்தது. ஆனால் நிஜத்தில் அது நேராகச் சாக்கடைக்குப் போயிருக்கிறது, எந்த நாயும் சாகவில்லை. கதைக்காக ஒரு நாயைக் கொல்ல எனக்கு மனசு வரவில்லை.]

அவள் நேராகவே கேட்டாள்.

"அப்பா, வண்டித் தண்ணிய மாத்துனியளா?"

"பின்ன? வாராவாரம் மாத்துதேன்," என்றார் அம்மையப்பன். "ஒரே பாசி. நல்லாப் பச்சப் பசேர்னு கெடக்கு. ஒன் மெக்கானிக்குக்குக் கண்ணு அவிஞ்சி போச்சு போலுக்கு. கீழ ஒரு திருகு இருக்குல்லா, அதத் தொறந்து எல்லாத்தையும் வடிச்சி, ஓஸ வச்சி அலசி, நல்ல தண்ணி ரொப்பி மூடுதேன். நான் மட்டும் இதச் செய்யலன்னு வையி, ஒன் வண்டி என்னைக்கோ படுத்திருக்கும்."

அவர் முகத்தில் இருந்த பெருமையைச் சங்கரி எனக்கு நடித்துக் காட்டினாள்.

அம்மையப்பன் நூல் மில்லில் முப்பத்தொரு வருடம் இருந்தவர். மில்லுக்கும் குடியிருப்புக்கும் போகிற ஆற்றுத் தண்ணீரை வடிகட்டும் பிரிவில் சூப்பர்வைசர். தொட்டியில் பச்சை தெரிந்தால் வடி, தேய், அலசு, நிரப்பு. அதுதான் அவர் உத்தியோகம். அவர் காலத்தில் ஒரு குடம் தண்ணீரைப் பற்றிப் புகார் வந்ததில்லை. அந்த மனிதனின் வீட்டு வாசலில், சொந்த மகளின் காரில், பச்சைத் தண்ணீரா?

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. இன்ஜினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும் என்பதும் தெரியாது. வெள்ளிக்கிழமை காலையில் அவர் அடைத்து வைத்த காற்று சனிக்கிழமை வீரவநல்லூரில் வேலையைக் காட்டும். ஹெப்ரான் ரேடியேட்டர் வாயில் பார்த்த குமிழியும் அதுதான். சங்கரி ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்ற, காற்று போய்விடும். ஹெப்ரான் திங்கட்கிழமை கவலையோடு பச்சையை ஊற்றுவார். வெள்ளிக்கிழமை அம்மையப்பன் கவலையோடு பச்சையை எடுப்பார். மூன்று பேரும் மனசாரப் பாடுபட்டார்கள். இதில் யாரைப் போய்க் குற்றம் சொல்ல?

8

சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன்.

"ஸார், அப்பாட்டருந்து எல்லாத்தையும் பிடுங்குனது நான்தான்," என்றாள் சங்கரி. அவர் ஒருமுறை விழுந்ததும் சைக்கிளைப் பிடுங்கி விற்றாள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததும் அவர் சந்தைக்குப் போவதை நிறுத்தினாள். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அடுப்பு பற்றவைப்பதை நிறுத்தினாள். எல்லாம் அவர் நல்லதுக்குத்தான். அவரும் ஒவ்வொன்றுக்கும் "சரிம்மா" என்றார். மிஞ்சியிருந்தது வெள்ளிக்கிழமைக் கார். அதையும் எந்த வாயால் நிறுத்துவது?

ஆனால் பத்தமடையில் ஒருத்தி ஷூவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அதனால் நான் அவளுக்கு முடிவுகள் தயாரித்துக் கொடுத்தேன்.

முடிவு அ: நேராகச் சொல்லிவிடுவது. "அப்பா, அது பாசி இல்ல, மருந்து." அவர் "சரிம்மா" என்பார். [அந்தச் "சரிம்மா"வை எழுதிப் பார்த்தேன். உடனே அழித்துவிட்டேன்.]

முடிவு ஆ: பானெட் பூட்டு கெட்டுப்போனதாகச் சொல்லி, திறக்க முடியாமல் செய்வது. [முப்பத்தொரு வருட சூப்பர்வைசர். பூட்டைச் சரிசெய்துவிடுவார்.]

முடிவு இ: சிவப்புக் கூலன்டும் கடையில் உண்டு. அதை ஊற்றுவது. இது ஹெப்ரானின் யோசனை.

"சிவப்பப் பாத்தா துருன்னு சொல்லுவாவ அண்ணாச்சி. அன்னைக்கே எறக்கிருவாவ," என்றாள் சங்கரி. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஒன்று தோன்றியது. "நீலத்துல கெடைக்குமா?"

"இங்கன இல்ல. திர்நெவேலில கெடைக்கும். நீலம் எதுக்கு?"

"மில்லுல பாசி வராம இருக்கத் தொட்டில மயில்துத்தம் போடுவாவளாம். தண்ணி லேசா நீலமா இருக்கும்னு அப்பா சொல்லிருக்காவ. நீலத்த அவுக தொட மாட்டாவ."

ஹெப்ரான் பஸ் ஏறித் திருநெல்வேலி போய் வாங்கிவந்தார். பழையதை ஒரு சொட்டு விடாமல் வடித்து, நீலத்தை ஊற்றி, காற்றை எடுத்து மூடினார்.

நான் கற்பனை செய்த எதையும்விட இது நன்றாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. வெள்ளிக்கிழமை அம்மையப்பன் டப்பாவைப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். "பரவாயில்லையே, விவரம் தெரிஞ்சிட்டு அந்தப் பயலுக்கு," என்றார். திறக்கவில்லை. சனிக்கிழமை சங்கரி பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே பத்தமடையில் இருந்தாள். ஐந்து சனிக்கிழமைகள் அப்படியே போயின. பிர்தௌஸ் குழாயை விட்டுவிட்டுக் கூடத்தின் நடுவே பதினோரு அடி நடந்தாள்.

இங்கேயே முடித்திருக்கலாம். முடித்துத்தான் இருந்தேன். "முற்றும்" என்றுகூடத் தட்டிவிட்டேன். அடுத்த தடவை வந்தபோது சங்கரி, "அதுக்குப் பொறவும் இருக்கு ஸார்," என்றாள்.

9

ஆறாவது வெள்ளிக்கிழமை சங்கரி சீக்கிரமே எழுந்துவிட்டாள். காலை ஏழு மணி. அப்பாவுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வண்டி கழுவி முடிந்து சொட்டிக்கொண்டிருந்தது. பானெட் திறந்திருந்தது. அம்மையப்பன் ஈரத் துணியோடு குனிந்து நின்றார். எதையும் கழற்றவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி நல்லாருக்கு," என்றார். "இதுல எனக்கு ஒரு சோலியும் இல்ல."

"வண்டியக் கழுவுதியல்லா. அது சோலி இல்லையாக்கும்?"

அவர் ரேடியேட்டர் மூடியைத் துடைத்தார். "யம்மா, ஒண்ணு கேக்கேன்," என்றார். "நான் தண்ணிய எறக்காம அஞ்சு வாரமாவுது. வண்டி வழியில நிக்காமலும் அஞ்சு வாரமாவுது. சரிதானா?"

சங்கரி காப்பியை நீட்டிக்கொண்டே நின்றாள். அவர் வாங்கவில்லை.

"அந்தப் பச்சை. அது பாசி இல்லையோ?"

கணக்குப் போட்டுவிட்டார். ஹெப்ரான் இன்ஜினைப் பிரித்து, ஓஸ் மாற்றி, அழுது கண்டுபிடித்ததை இவர் ஐந்து வாரம் சும்மா இருந்து கண்டுபிடித்திருக்கிறார். தண்ணீரை நன்றாகப் பார்க்கத் தெரிந்த மனிதர் என்பதைச் சங்கரியும் மறந்திருந்தாள், நானும் மறந்திருந்தேன்.

10

இதற்கு அவள் என்ன சொல்லியிருக்கலாம் என்று இரண்டு வாரமாக எழுதிப் பார்க்கிறேன்.

"இல்லப்பா, அண்ணாச்சி பம்ப மாத்திட்டாவ, அதான்—" [பொய். அவர் கண்டுபிடித்துவிடுவார். அதன் பிறகு அவள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்.]

"ஆமாப்பா. ஆனா நீங்க நல்லதுக்குத்தான—" [உண்மை. இருந்தும் "ஆனா"வுக்கு அந்தப் பக்கம் இருப்பது எதுவும் அவர் காதில் விழாது.]

"வாங்கப்பா, காத்து எடுக்கது எப்படின்னு அண்ணாச்சியக் காட்டச் சொல்லுதேன், இனிமே நீங்களே—" [இதுதான் எனக்குப் பிடித்தது. பிடித்ததாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. இது அவருக்காக எழுதியதா, நான் நிம்மதியாகத் தூங்குவதற்காக எழுதியதா?]

தவிர, இந்த மூன்றும் அவருடைய முதல் கேள்விக்குத்தான் பதில். அவர் அதோடு நிறுத்தவில்லை. சங்கரி வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே இன்னொன்றும் கேட்டார்.

"அந்தப் பத்தமடைப் பிள்ள விழுந்து மண்ட ஒடஞ்சிச்சே. அதும் என்னாலதானா?"

சங்கரி பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்கும் சொன்னாள். அதை நான் எழுதப்போவதில்லை. அது ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ஒரு வீட்டு வாசலில், மகள் அப்பாவுக்குச் சொன்னது. நீங்கள் கொஞ்சம் அவள் இடத்தில் போய் நில்லுங்கள். காப்பித் தம்ளர் கையைச் சுடுகிறது. அவர் உங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏற்கெனவே துடைத்து முடித்த ரேடியேட்டர் மூடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். என்ன சொல்வீர்கள்?